முழங்கை மடங்கும் வரை

28 ஜூன் 1979

மகள் கிரிஜாவின் கையிலிருந்து மாவுக்கட்டை இன்று வெட்டி எடுத்தார்கள். மே மாதக் கடைசியில், முதல் மழைக்குப் பாசி பிடித்திருந்த கிணற்றடியில் வழுக்கி, வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பை முறித்துக்கொண்டாள். வயது பதினொன்று. கட்டுக்குள்ளிருந்து வெளிவந்த கை மெலிந்து, வெளுத்து, செதில் உரிந்து இருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எலும்பு செவ்வையாகக் கூடியிருப்பதாக டாக்டர் மாத்தன் சொன்னார். கை வளராமல் குட்டையாக நின்றுவிடுமா என்று கேட்டேன். மேற்கையின் வளர்ச்சி பெரும்பாலும் தோளருகே நடப்பது. முழங்கைப் பக்கத்துப் பங்கு சிறியது. அந்த வளர்ச்சித் தட்டிலும் முறிவு படவில்லை என்று படத்தைக் காட்டி விளக்கினார். வரும்போது என் தோள்மீது இருந்த ஏதோ ஒன்றை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

முழங்கை விறைத்திருக்கிறது. அது இயல்பு. அவளே மடக்க வேண்டும், அவளே நீட்ட வேண்டும், வேறு எவரும் பிடித்து மடக்கக் கூடாது, உழிச்சில் என்று எண்ணெய் தேய்த்து நீவுவது அறவே கூடாது. டாக்டரின் இந்தச் சொற்களை வீட்டுக்கு வந்ததும் அனைவர் முன்னிலையிலும் சொன்னேன். என் மனைவி கனகம் இருந்தாள். லோகாம்பாள் அக்கா இருந்தாள். கனகத்தின் தம்பி விஸ்வேஸ்வரனும், பஜாரில் மிளகுக் கம்பெனி வேலை முடிந்து வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தான். மூவரும் தலையாட்டினார்கள்.

6 ஜூலை

கை வாய்க்கு எட்டவில்லை. கனகம் ஊட்டிவிடுகிறாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு இது அவமானம் என்பதை அவள் முகமே சொல்கிறது. இடது கையில் ஸ்பூன் கொடு என்றேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்பூனா? ஆஸ்பத்திரியாக்கும் இது? இந்த ஆத்துல எடது கையால சாப்ட்ட பொண்ணை நான் பார்த்ததில்லை."

"இப்போது பார்."

"ஆத்துல பார்த்துக்கறேன்டா. ஆவணியில பாக்கியத்தோட கல்யாணம். பாலக்காட்டுக்காரா அத்தனை பேரும் வருவா. பந்தியில, எலைக்கு முன்னாடி, எடது கையில ஸ்பூனோட உட்காருவாளோ இவ?"

பாக்கியலக்ஷ்மி விஸ்வேஸ்வரனின் மூத்த மகள். ஆம், கிரிஜா ஸ்பூனோடு உட்காருவாள் என்றேன். பேச்சு அங்கே முடிந்ததாக நினைத்தேன். கிரிஜா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

17 ஜூலை

மலையாளக் கர்க்கடக மாதம் பிறந்தது. ஓயாத மழை. படகு தாமதம், எறணாகுளம் கல்லூரியில் என் முதல் வகுப்பை எடுக்க முடியவில்லை.

26 ஜூலை

வீடு முழுவதும் தைல வாசனை. இந்த மாதத்தில் எண்ணெய் தேய்த்தால்தான் உடம்பில் பிடிக்கும் என்பது இவ்வூரார் சித்தாந்தம். அக்காவின் முழங்கால்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

4 ஆகஸ்ட்

இரண்டு வாரம் முன்பு கிரிஜாவின் விரல்கள் தாடையைத் தொட இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. இன்று அவ்வளவுகூட வரவில்லை. கை பின்னோக்கிப் போகிறது. தொட்டுப் பார்த்தேன், முழங்கையின் முன்புறம் சூடாக, கட்டியாக இருந்தது.

"வலிக்கிறதா?"

"இல்லேப்பா."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

11 ஆகஸ்ட்

படம் எடுத்தார்கள். டாக்டர் மாத்தன் அதை விளக்குக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இருந்தது. அதற்கு முன்னால், தசை மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், வெண்மையாக ஒரு மேகம்.

"ஆரா இது உழிஞ்ஞது?" என்று மலையாளத்தில் கேட்டார். யார் தேய்த்தது?

யாரும் தேய்க்கவில்லை என்றேன். உறுதியாகச் சொன்னேன், ஒரு படித்த மனிதனின் முழு நம்பிக்கையோடு சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கிரிஜாவைப் பார்த்தார். அவள் அழத் தொடங்கினாள்.

முறிந்து கூடிய முழங்கையை அழுத்தித் தேய்த்து, வலிக்க வலிக்க மடக்கினால், உள்ளே தசை கிழிந்து ரத்தம் கசியும். அந்த ரத்தம் கட்டிய இடத்திலேயே உடம்பு புதிதாக எலும்பு வளர்க்கத் தொடங்கும். மூட்டின் வாசலில் அது ஒரு கல். கதவு அதற்குமேல் மூடாது. இது குறைந்தால் குறையும். குறையாவிட்டால், அது முற்றி அடங்கும்வரை ஒரு வருடம் காத்திருந்து வெட்டி எடுக்க வேண்டும். எடுத்தாலும் திரும்ப வளரலாம். இப்போதைக்குக் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டு ஓய்வு. தொடக்கூடாது. ஒருவரும்.

படகில் கிரிஜா சொன்னாள், அத்தனையும். நான் காலைப் படகில் ஏறிய பிறகு, அவள் பள்ளிக்குப் போகும் முன், சமையலறைக்குப் பின்னால். மாமா. தினமும்.

கனகத்துக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். வாரக்கணக்காக என் வீட்டில் நான் ஒருவனே தைல வாசனையை முகர்ந்துகொண்டு ஏதும் அறியாமல் பேப்பர் படித்திருக்கிறேன். டாக்டர் வேண்டாம்னு சொன்னதைச் சொன்னேனே. தலையாட்டினாளே எல்லாரும். எதுக்குத் தலையாட்டினா?

12 ஆகஸ்ட், ஞாயிறு

விஸ்வேஸ்வரனை வரச் சொன்னேன். வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை.

"அத்திம்பேர், நான் கெடுதல் நெனச்சுப் பண்ணலை."

"நீ நினைத்ததை நான் கேட்கவில்லை. செய்ததைச் சொல்."

"அப்பாவுக்குத் தோள் எறங்கினப்போ இப்படித்தான் செரியாச்சு. பாலக்காட்டுல குஞ்ஞன் ஆசான்கிட்ட நான் ரெண்டு வருஷம் உழிச்சில் பழகினதாக்கும். கர்க்கடகத்துல பிடிச்சா எளகிடும்னு..."

"டாக்டர் கூடாது என்று சொன்னதை நான் சொன்னபோது நீ இந்த அறையில் இருந்தாய்."

"இருந்தேன்."

"வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா. வலிச்சாத்தான் எளகும்னு நெனச்சேன்."

அறியாமையை நான் மன்னிப்பேன். முப்பது வருடமாக அதை மன்னித்துத்தான் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் தெரிந்தவன் சொன்னதைக் காதில் வாங்கி, தலையாட்டி, அவன் படகேறிய பிறகு அதற்கு நேர்மாறாகச் செய்வது அறியாமை அன்று. அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை நான் அவனிடம் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. இனி என் மகளைத் தொடாதே, என்னோடு பேசவும் வேண்டாம் என்றேன்.

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு, "கல்யாணத்தை வெச்சுண்டு இப்படிப் பேசலாமோடா?" என்றாள்.

"கையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா?" என்றேன். அவள் உள்ளே போனாள்.

கனகம் சமையலறையில் அழுகிறாள். அழட்டும்.

13 ஆகஸ்ட்

இந்த வீட்டில் தைலப் புட்டி எதுவும் இல்லை. இருந்தவற்றை நானே எடுத்துக் காயலில் எறிந்தேன்.

20 ஆகஸ்ட்

கல்லூரி முடிந்ததும் தனியாக டாக்டரைப் பார்த்தேன். கேட்க வெட்கப்பட்டவை அனைத்தையும் இன்று கேட்டேன். பால் போதுமா, கேழ்வரகு கொடுக்கலாமா, சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேண்டுமா. கால்சியம் பாஸ்பேட்டைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன், சொந்த மகளின் எலும்பைப் பற்றி எதுவும் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பால், கேழ்வரகு, கீரை எல்லாம் நல்லது, வெயிலில் விளையாடட்டும். அதனால் தசைக்குள் வளர்ந்த எலும்புக்குத் தீனி போட்டதாகாது. அது சாப்பாட்டால் வந்ததன்று. அக்கா தினமும் அரைக்கும் பிரண்டைத் துவையலைச் சொன்னேன். வாத்தியாரை இவ்வூரில் விளிக்கிற வழக்கப்படி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாப்பிடட்டும், மாஷே. துவையல் வாய் வழியாகத்தானே போகிறது. அதில் எனக்கு விரோதமில்லை."

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் தானே கரைந்துவிடும் என்றும் சொன்னார். முன்பே சொன்னாராம். அன்று என் காதில் அது விழவில்லை. விழுந்ததெல்லாம் "வெட்டி எடுக்க வேண்டும்" என்பது மட்டும்தான்.

எறணாகுளம் பிராட்வே கடைத்தெரு நெரிசலில் நடந்து வரும்போது, பல நாளுக்குப் பிறகு பசித்தது.

6 செப்டம்பர்

பாக்கியத்தின் கல்யாணம். போகாமல் இருக்கலாம் என்று எண்ணினேன். அந்தப் பெண் என்ன செய்தாள்? போனேன்.

கிரிஜாவை முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வலது கை தொட்டிலில். இடது கையில் ஸ்பூன். எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், காதில் கடுக்கன், கண்ணில் குறும்பு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தை எடங்கையோ? எங்காத்துல ஒரு பசு இருந்தது. அதுவும் எடது பக்கமாத்தான் மேயும். பால் மட்டும் நன்னாக் கறக்கும்."

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். கிரிஜாவின் ஸ்பூன் இலையில் நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், எரிசேரி வாளியோடு வந்துகொண்டிருந்த விஸ்வேஸ்வரன் நின்றான். பெண்ணைப் பெற்றவன். அத்தனை சம்பந்திகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடங்கை இல்லை, மாமா. வலங்கை நன்னாயிருந்தது. டாக்டர் வேண்டாம்னார். நான் கேக்காம உழிஞ்சு கெடுத்தேன். சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரியுங்கோ."

குரலில் கோபம் இல்லை. கிரிஜாவின் இலையில் ஒரு கரண்டி எரிசேரி வைத்தான். இன்னொரு கரண்டியும் வைத்தான்.

கிழவர் தன் இலையில் இடம் ஒதுக்கினார். பிறகு, "செரி செரி. எனக்கும் ரெண்டு கரண்டி போடு. வாயை அடைச்சுக்கறேன்" என்றார். கிரிஜா சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டதால் எலும்பு கரைந்துவிடாது. ஆயினும் எழுதி வைக்கிறேன்: அவன் சொன்னான். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்லக் கூடாத ஆட்கள் முன்னால் சொன்னான்.

22 செப்டம்பர்

தொட்டில் எடுத்தாயிற்று. சூடு இல்லை. மடங்கவும் இல்லை. இனி அவளாகவே, வலிக்காத அளவுக்கு, மெல்ல.

14 அக்டோபர்

மழை விட்ட சாயங்காலம். படகுத்துறைவரை நடந்தோம். காய்ந்த இஞ்சி வாசனை. வண்டிக்காரர்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிரிஜா கேட்டாள்:

"மாமாகிட்ட ஏன்ப்பா பேச மாட்டேங்கறேள்?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது." காயல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். "நான்தான் மாமாகிட்ட கேட்டேன். கல்யாணத்துக்குள்ள கை வாய்க்கு எட்டணும்னு. மாமா மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னார். அப்புறமும் நான் அழறேன்னு ரெண்டு தரம் நிறுத்தினார். நான் பல்லைக் கடிச்சுண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க நிறுத்திடுவேளே."

வீட்டை நோக்கி நடந்தோம்.

பதினோரு வயதுக் குழந்தை கேட்டது என்பதற்காக, நாற்பதைத் தாண்டியவன் செய்தது நியாயமாகிவிடாது. என் முடிவில் மாற்றமில்லை. ஆனால் இத்தனை நாள் ஒரே கோட்டில் நின்ற கோபம் இப்போது நேராக நிற்க மறுக்கிறது. யார்மேல் கோபப்படுவது? பந்தியில் நாலு பேர் பார்ப்பார்களே என்று ஒரு குழந்தை பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்கு ஊட்டியது யார்? அக்காவா? அந்தக் கிழவரா? இடது கையை வைத்தால் இலையே தீட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோமே, நாங்கள் எல்லாருமா?

பல்லைக் கடிச்சுண்டு இருந்திருக்கா. தினமும். நான் படகில் உட்கார்ந்து மாணவர்களின் தாளைத் திருத்திண்டிருந்தேன்.

15 அக்டோபர்

அக்காவிடம் சொன்னேன்: இனி இந்த வீட்டில் யார் எந்தக் கையால் சாப்பிட்டாலும் பேச்சு வரக்கூடாது.

"நான் என்ன சொன்னேன் இப்போ?" என்றாள். பிறகு, "ஸ்பூன் தொலைஞ்சு போயிடுத்து. இன்னொண்ணு வாங்கிண்டு வா" என்றாள்.

18 டிசம்பர்

நல்ல செய்தி.

டாக்டர் மாத்தன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆகஸ்ட் மாதத்து மேகம் பரந்து, ஓரமில்லாமல் இருந்தது. இன்றையது சுருங்கி, விளிம்பு தெளிந்து, பாதிக்கும் குறைவு. அவர் விரலால் அதைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார். "கண்டோ? தானே போகிறது. கத்தி வேண்டாம்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். தேவையில்லாத இடத்தில் வந்த எலும்பை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். குழந்தைகளின் உடம்புக்கு இதில் கெட்டிக்காரத்தனம் உண்டு. பொறுத்திருந்தீர்களே, அதுதான் மருந்து என்றார். நான் பொறுத்திருந்தேன் என்பது எனக்கே புதிய செய்தி.

கை குட்டையாகுமா என்று மறுபடியும் கேட்டேன். அவர் கிரிஜாவை எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு கைகளையும் தொங்கவிடச் சொன்னார். விரல் நுனிகள் ஒரே உயரத்தில் நின்றன. "மாஷுக்கு இன்னும் அளவுகோல் வேண்டுமோ?"

வேண்டாம் என்றேன். பிராட்வேயில் ஓர் ஓட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். இடது கையாலேயே அதைப் பிய்த்து முழுவதையும் தின்றாள். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் சாயாவுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கனகம் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் நாங்கள் நேருக்கு நேர் பேசினோம் என்று தோன்றுகிறது. "தம்பிகிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். என்னைக் கேட்க வேண்டியதில்லை என்றேன். செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

9 பிப்ரவரி 1980

இடது தோளை வலது கை தொட்டுவிட்டது. அவளே கணக்கு வைத்திருக்கிறாள், எனக்குச் சொல்வதில்லை. அக்காவுக்குச் சொல்கிறாள்.

3 மார்ச்

சாப்பிடும்போது வலது கையால் சாதத்தைப் பிசைந்து, முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பாதி வழியில் கையைச் சந்தித்தாள். அக்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மோர் விட்டாள்.

21 ஏப்ரல்

கடைசிப் படம். ஒரு நூலளவு நிழல். அதுவும் தொந்தரவு தராது. இனி வர வேண்டாம், எலும்பு தன் வேலையை முடித்துவிட்டது என்றார் டாக்டர் மாத்தன். இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். கை கால் எல்லாம் சமமாக.

நிம்மதி என்ற சொல்லை இவ்வளவு காலம் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். பொருள் தெரியாமல்.

விஸ்வேஸ்வரனை வழியில் பார்த்தேன். அவன் ஒதுங்கி நின்றான். நான் நடந்துவிட்டேன். தலையையாவது அசைத்திருக்கலாம்.

30 மே

பள்ளி திறக்கப் போகிறது. குடையும் புத்தகங்களும் வாங்க, கிரிஜாவோடு பகல் படகில் எறணாகுளம் கிளம்பினேன். படகு நகரும்போதுதான் பார்த்தேன், விஸ்வேஸ்வரனும் ஏறியிருந்தான். கம்பெனி வேலையாகப் போகிறான் போலும். எங்களைக் கண்டதும், இடம் இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

துறைமுகத்துக்கு நேரே வந்தபோது பெரிய சரக்குக் கப்பல் ஒன்று வெளியே கிளம்பிக்கொண்டிருந்தது. மிகவும் அருகில். திடீரென்று சங்கு ஊதியது. பலகையெல்லாம் அதிர்ந்தது. கிரிஜா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

இரண்டு முழங்கைகளும், முகத்துக்கு இரண்டு பக்கமும், ஒரே மாதிரி மடங்கி.

கை மடங்கியது அவளுக்கே தெரியவில்லை. சங்கு நின்றதும் கையை இறக்கி, கப்பலின் கொடி எந்த நாட்டுடையது என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். விஸ்வேஸ்வரன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்த பிடி அப்படியே. பிறகு என்னைப் பார்த்தான்.

நான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வா, உட்கார். கொடி கிரேக்கமா என்ன, உனக்குத் தெரியுமா?"

அவன் வந்து உட்கார்ந்தான். தெரியாது அத்திம்பேர் என்றான்.